அச்சின் மலையில் விழுந்த 10 டன் குண்டு: கைதட்டலாமா?

பாலாற்றங்கரை:
2025 ஜூனில் ஈரானின் ஃபோர்டோ, நடான்ஸ் அணு நிலையங்கள் மேல் அமெரிக்கா 14 ராட்சதக் குண்டுகளைப் போட்டதிலிருந்து ஒரு பழைய வீடியோ திரும்பவும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஆகாயத்திலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். மலைச்சரிவு, ஒரு வெடிப்பு, எழும்பி விரிகிற புகை. 2017 ஏப்ரல் 13 மாலை ஆப்கானிஸ்தானின் நங்கர்ஹார் மாகாணத்தில், அச்சின் மாவட்டத்து மோமந்த் பள்ளத்தாக்கில் ஐ.எஸ். சுரங்கங்கள் மேல் அமெரிக்கா போட்ட ஜிபியு-43 குண்டு அது. ‘எல்லாக் குண்டுகளுக்கும் தாய்’ என்று பெயர் வாங்கியது. கிட்டத்தட்ட 10 டன் எடை. அணுகுண்டு அல்லாதவற்றில் அதற்கு முன் அவ்வளவு பெரிய வெடிப்பைப் போரில் யாரும் பயன்படுத்தியதில்லை என்று அன்று எல்லாச் செய்தியிலும் சொன்னார்கள்.

எங்கள் குடும்பக் குழுவில் அந்த வீடியோவுக்குக் கீழே வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள். 2017-ல் குண்டு விழுந்த மறுநாள் அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் இதுதான் நடந்தது. படத்துக்குப் பின்னால் பாட்டுப் போட்டார்கள். கெட்டவர்கள் மேல் குண்டு விழுவதைப் பார்ப்பது தனக்கு மிகப் பிடித்தவற்றில் ஒன்று என்று ஒருவர் நேரலையில் சொன்னார். கீழே இருந்தவர்கள் கொடியவர்களாகவே இருக்கட்டும். மனிதர் சாகிற படத்தைப் பாட்டோடு பார்க்கிற அளவுக்கு எப்போது வந்தோம்? இங்கே பலர் ராணுவ விஷயம் தெரிந்தவர்கள். உங்கள் கருத்து வேண்டும்.

ஓய்வுபெற்ற சாப்பர்:
பாட்டுப் போட்டது தப்பு. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் குண்டு போட்டது தப்பு என்று சொல்ல வந்தால், கீழே யார் இருந்தார்கள் என்பதை முதலில் பேச வேண்டும்.

அச்சின் ஷின்வாரி பழங்குடியின் பூமி. 2015-ல் அங்கே ஐ.எஸ். கொராசான் பிரிவு காலூன்றியது. பெரும்பாலும் எல்லைக்கு அப்பாலிருந்து வந்த பழைய பாகிஸ்தான் தாலிபான்கள்தான். அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு வீடியோ வெளியிட்டார்கள். ஷின்வாரிப் பெரியவர்களைக் கண்ணைக் கட்டி, புதைத்த வெடிகள் மேல் மண்டியிட வைத்து வெடிக்கச் செய்தார்கள். தாடி நரைத்த கிழவர்கள். குண்டு விழுவதற்கு ஒரு மாதம் முன், 2017 மார்ச்சில், காபூல் ராணுவ மருத்துவமனையில் நுழைந்து நோயாளிகளைச் சுட்டதற்கும் இதே கூட்டம்தான் பொறுப்பேற்றது.

நான் மெட்ராஸ் சாப்பர்ஸில், அதாவது ராணுவப் பொறியியல் பிரிவில், இருந்தவன். வெடி புதைத்த இடத்தைச் சுத்தம் செய்வது எப்படி என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. வயிறு தரையில் பட படுத்துக்கொண்டு, கம்பியை மண்ணில் சாய்வாக இறக்கி, தட்டுப்படுகிறதா என்று பார்த்துப் பார்த்து ஒவ்வொரு விரற்கடையாக நகர வேண்டும். நேராகக் குத்தினால் வெடியின் தலையில் படும். ஒரு வாசல்படி தாண்டவே பொழுது போய்விடும். அந்தப் பள்ளத்தாக்கில் வீட்டுக் கதவு, பாதை, குகை வாய் எல்லாவற்றிலும் வெடி வைத்திருந்தார்கள். ஏப்ரல் 8-ஆம் தேதி அதே அச்சினில் ஓர் அமெரிக்க வீரர் செத்தார். குண்டு போடாமல் இருந்திருந்தால் ஆப்கன் பையன்கள்தான் காலால் நடந்து உள்ளே போயிருக்க வேண்டும். அந்த உயிர் யார் கணக்கில் வரும்?

இன்னொன்று. ‘குட்டி அணுகுண்டு’ என்று பலர் எழுதுகிறார்கள். கதிர்வீச்சு கிடையாது. இதன் வெடிசக்தி 11 டன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம். ஹிரோஷிமாவில் சுமார் 15,000 டன். ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

தேன்மொழி:
ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது எனக்கு ஆறுதலாக இல்லை. எட்டரை டன் வெடிமருந்து. ஆர்டிஎக்ஸ், டிஎன்டி, அலுமினியத் தூள் கலந்தது. சரக்கு விமானத்தின் பின்கதவு வழியாகப் பலகையோடு இழுத்துத் தள்ளுகிறார்கள். அது தரையைத் தொடுவதற்குச் சற்று முன் வெடிக்கிறது. பாறையைத் துளைக்கிற குண்டே அல்ல. காற்றழுத்தத்தால் சுரங்கத்துக்குள் இருப்பவனைக் கொல்கிற குண்டு. அந்த அழுத்தம் துப்பாக்கி வைத்திருப்பவனைத் தேடிப் போகாது.

2003 மார்ச்சில், ஈராக் படையெடுப்புக்குச் சில நாள் முன், ஃபுளோரிடாவில் சோதித்துப் படம் காட்டினார்கள். சதாமை மிரட்டத்தான் என்று அன்று வெளிப்படையாகவே பேசினார்கள். பிறகு 14 வருடம் கிடங்கில் கிடந்தது. ஆப்கன் போர் 2001-லிருந்து நடக்கிறது, அதுவரை ஒரு தடவைகூடத் தேவைப்படவில்லை. ஏப்ரல் 7-ஆம் தேதி சிரியாவில் 59 ஏவுகணை. 13-ஆம் தேதி இது. 15-ஆம் தேதி வடகொரியாவின் அணிவகுப்பு. அந்த வாரத்தில் மட்டும் தேவைப்பட்டது எப்படி? முன்னாள் அதிபர் கர்சாய் அன்றே சொன்னார், எங்கள் நாட்டைப் புதிய ஆயுதங்களுக்குச் சோதனைக்களம் ஆக்கிவிட்டார்கள் என்று. அவர் பதவியில் இருந்தபோது செய்ததையெல்லாம் நான் ஆதரிப்பவள் இல்லை, ஆனால் அந்த வார்த்தையில் வலி இருக்கிறது.

கொங்கு_வேல்:
கர்சாய் சொன்னதை மட்டும் எடுத்தால் எப்படி சகோ? அப்போது அதிபராக இருந்தவர் அஷ்ரஃப் கனி. ஆப்கன் படைகளோடு கலந்துபேசித்தான் நடந்தது என்று அவர் மாளிகை அறிக்கை கொடுத்தது. நாட்டின் அரசாங்கம் ஒத்துக்கொண்ட தாக்குதலை நாம் இங்கே உட்கார்ந்துகொண்டு படையெடுப்பு மாதிரிப் பேசுகிறோம்.

இது நமக்குத் தூரத்து விஷயமும் இல்லை. 2016-ல் காசர்கோடு, பாலக்காடு பக்கத்திலிருந்து 21 பேர், கைக்குழந்தையோடு பெண்கள் உட்பட, காணாமல் போனார்களே, அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் இதே நங்கர்ஹார். பாலக்காடு எங்களுக்குப் பக்கத்து ஊர். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் தொலைக்காட்சியில் அழுததைப் பார்த்தவன் நான். அந்தக் கூடாரத்தை உடைத்தவர்களுக்கு நான் கைதட்டினேன், மறைக்கவில்லை.

முல்லைக்கடல்:
நான் ஆப்கானுக்குப் போனதில்லை. ஆனால் வன்னியில் பதுங்கு குழிக்குள் இருந்து வளர்ந்தவள். கிபிர் போர் விமானம் இரையத் தொடங்கினால் அம்மா எங்களை உள்ளே தள்ளி, ரெண்டு காதையும் பொத்தி வாயைத் திறந்து வைச்சிருக்கச் சொல்லுவா. பல்லைக் கடிச்சுக்கொண்டிருந்தால் அதிர்வு காதைக் கிழிச்சுப் போடும். மேலே பனங்குற்றி, அதுக்கு மேலே மண் மூட்டை. குண்டு தள்ளி விழுந்தாலும் உள்ளே இருக்கிற காற்று சுவர் மாதிரி வந்து நெஞ்சில் அடிக்கும். அது 250, 500 கிலோக் குண்டு. பத்து டன் எண்டால் அந்தப் பள்ளத்தாக்குக்கு அடுத்த ஊரில் இருந்த தாய்மார் பிள்ளைகளை எப்பிடிப் பிடிச்சிருப்பினம் எண்டுதான் எனக்கு முதலில் வந்தது.

கொங்கு அண்ணா, அந்தப் பெற்றோர் அழுததை நீங்கள் பார்த்தது உண்மை. சாப்பர் ஐயா சொன்ன கிழவர்களின் சாவும் உண்மை. அதைச் செய்தவர்களுக்கு நான் இரக்கம் கேட்கவில்லை. கைதட்டலை மட்டும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது.

ஓய்வுபெற்ற சாப்பர்:
அம்மா, நீங்கள் எழுதியதற்கு எதிராக நான் எதுவும் சொல்லமாட்டேன்.

ஒரு தகவல் மட்டும். அந்தப் பகுதிக் குடும்பங்களில் பெரும்பாலானவை ஐ.எஸ். வந்ததுமே வீடு வாசலை விட்டு ஜலாலாபாத் பக்கம் ஓடிவிட்டன. குண்டு விழுந்த பிறகு செய்தியாளர்களிடம் பேசிய உள்ளூர்க்காரர்களில் பலர், பயந்து நடுங்கினோம், ஆனால் அவர்கள் ஒழிந்தால் சந்தோஷம் என்றுதான் சொன்னார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்கள். தேன்மொழி, ‘ஏன் அந்த வாரம்’ என்பதற்கு அப்போது அங்கே அமெரிக்கப் படைத் தளபதியாக இருந்த நிக்கல்சன் பதில் சொல்லியிருக்கிறார்: களத்தில் படை முன்னேறிப் போய்ச் சுரங்கத்தில் முட்டி நின்ற நேரம் அது, வேறு கணக்கு இல்லை என்று. அவர் பேச்சை நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். ஆனால் அதிபர் டிரம்ப் முன்கூட்டியே தளபதிகளுக்கு முழு அதிகாரம் கொடுத்திருந்தார், வடகொரியாவுக்குச் சைகை காட்ட வெள்ளை மாளிகை நாள் குறித்தது என்பதற்கு ஆதாரம் வந்ததில்லை.

செவ்வந்தி:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் ஒரே குண்டைச் சுற்றியே நிற்கிறீர்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

2017-ல் அமெரிக்க விமானங்கள் ஆப்கானிஸ்தானில் 4,361 குண்டுகளையும் ஏவுகணைகளையும் போட்டன. இது அவர்கள் விமானப்படையே வெளியிட்ட எண். அதற்கு முந்தைய வருடம் 1,337. அடுத்த இரண்டு வருடமும் 7,000-க்கு மேல். அந்த 4,361-ல் ஒன்றுக்குத்தான் உலகமே கூடிக் கைதட்டியது, உலகமே கூடிக் கண்டித்தது. மீதிக்கு?

2019 செப்டம்பர். அதே நங்கர்ஹார், கோக்யானி மாவட்டம், வசீர் தங்கி. சில்கோசா என்கிற பைன் கொட்டை பறிக்கப் போன கூலியாட்கள் பகல் முழுக்க வேலை செய்துவிட்டு ராத்திரி தீ மூட்டி அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஐ.எஸ். என்று நினைத்து ட்ரோன் அடித்தது. சுமார் 30 பேர் செத்தார்கள். ஆட்கள் வரப்போகிறார்கள் என்று ஊர்ப் பெரியவர்கள் ஆளுநருக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்திருந்தார்கள். அந்த ஏவுகணைக்குச் செல்லப்பெயர் கிடையாது, வீடியோவும் சுற்றவில்லை.

2021 ஆகஸ்ட் 29, காபூல். ஒரு வீட்டு முற்றத்தில் பத்துப் பேர், அதில் ஏழு குழந்தைகள். அடித்தது ஹெல்ஃபயர் ஏவுகணை, மொத்த எடையே 50 கிலோவுக்குள். முதலில் நியாயமான தாக்குதல் என்றார்கள். செய்தியாளர்கள் அந்த முற்றத்துக்கே போனார்கள். வெடிமருந்து என்று சொல்லப்பட்டவை தண்ணீர்க் கேன்கள் என்று கண்டார்கள். மூன்று வாரத்துக்குள் பென்டகன் தவறு என்று ஒத்துக்கொண்டது. யாரோ போய்ப் பார்க்க முடிந்ததால்தான் அந்தக் குழந்தைகள் தீவிரவாதிக் கணக்கில் எழுதப்படாமல் தப்பினார்கள்.

அச்சினில் அது நடக்கவில்லை. முதல் நாள் 36 தீவிரவாதிகள் என்றார்கள், இரண்டே நாளில் 94 என்றார்கள், பொதுமக்கள் யாரும் சாகவில்லை என்றார்கள். எல்லாம் ஆப்கன் அதிகாரிகள் சொன்னது. செய்தியாளர்களை இடத்துக்கு விடவில்லை. அப்போதைய அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் மாட்டிஸிடம் கேட்டபோது, சுரங்கத்தைத் தோண்டிப் பிணம் எண்ணுவது தம் வீரர்களின் நேரத்துக்கு ஏற்ற வேலையல்ல என்று சொல்லிவிட்டார். 94 என்ற எண்ணை இங்கே ஆதரிப்பவர்களும் சரிபார்க்கவில்லை, எதிர்ப்பவர்களும் சரிபார்க்கவில்லை.

தேன்மொழி:
செவ்வந்தி, நீங்கள் சொல்வதில் முக்கால்வாசி எனக்குச் சம்மதம். ஆனால் எடை முக்கியமில்லை என்று போய்விட்டால் அது அவர்களுக்குத்தான் வசதி. சின்னக் குண்டு தப்பான வீட்டில் விழுவது உளவுத் தவறு. பெரிய குண்டு சரியான இடத்தில் விழுந்தாலும் சுற்றி இருக்கிற எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அடிக்கும். ராணுவ இலக்கையும் மக்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும், முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும் என்று 1977 ஜெனீவா கூடுதல் நெறிமுறை சொல்வதே இதற்காகத்தான். அமெரிக்கா அதைக் கையெழுத்துப் போட்டதோடு நிறுத்திவிட்டது, இன்றுவரை உறுதி செய்யவில்லை. இந்தியா அதில் சேரவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பலன் என்ன என்றும் கேட்க வேண்டும். ஏப்ரல் 13-ல் குண்டு. அதே மாதம் 27-ஆம் தேதி, அதே மோமந்த் பள்ளத்தாக்கில், ஐ.எஸ். தலைவன் அப்துல் ஹசீபைப் பிடிக்க இறங்கினார்கள். அவன் அங்கேதான் இருந்தான்! குண்டு அவனைத் தொடவில்லை. இரண்டு அமெரிக்க வீரர்கள் செத்துத்தான் அவன் செத்தான். நங்கர்ஹாரில் ஐ.எஸ்.ஸை ஒழித்துவிட்டோம் என்று கனி அறிவிக்க 2019 நவம்பர் ஆனது, அதிலும் பாதி வேலை தாலிபான் செய்தது. 2021-ல் காபூல் விமான நிலைய வாசலில் 13 அமெரிக்க வீரர்களையும் சுமார் 170 ஆப்கானியர்களையும் கொன்றது அதே அமைப்பு. காலால் நடந்து போகிற பையன்களின் உயிரைக் காப்பாற்ற என்றீர்கள் ஐயா. இரண்டு வாரத்தில் நடந்துதானே போனார்கள்?

ஓய்வுபெற்ற சாப்பர்:
போனார்கள். போய்த்தான் ஆக வேண்டும். எந்தக் குண்டும் நிலத்தைப் பிடித்துத் தராது, எங்களுக்கு முதல் நாள் பயிற்சியிலேயே அதைச் சொல்லிவிடுவார்கள். குண்டு ஒரு வழியைத் திறக்கும், அவ்வளவுதான். அந்த வழி திறக்காமல் 27-ஆம் தேதி இறங்கியிருந்தால் இரண்டு பேரோடு முடிந்திருக்குமா என்று என்னால் சொல்ல முடியாது, உங்களாலும் முடியாது. ஆனால் கண்ணிவெடி நிறைந்த பள்ளத்தாக்கில் என் பிரிவு நின்றிருந்தால் நான் அந்தக் குண்டைக் கேட்டிருப்பேன். இதை மாற்றிக்கொள்ள எனக்குக் காரணம் தெரியவில்லை.

செவ்வந்தி சொன்னது வேறு. போட்டவன் போய்ப் பார்க்க வேண்டும். வெடி அகற்றி முடித்ததும் வெளியாட்களை உள்ளே விட்டு, செத்தது யார் என்று எழுதி வைத்திருக்க வேண்டும். மாட்டிஸ் தாமே மரைன் தளபதியாக இருந்தவர், அவர் அந்தப் பதிலைச் சொல்லியிருக்கக் கூடாது.

கொங்கு_வேல்:
ஐ.எஸ்.காரன் பிணத்தை எண்ணப் போய் நம் ஆள் வெடியில் மிதித்தால்? அதுவும் ஓர் உயிர்தானே. நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

முல்லைக்கடல்:
அண்ணா, எண்ணுறது ஐ.எஸ்.காரனுக்காக இல்லை. உள்ளே அவன் பிடிச்சு வைச்சிருந்த ஆரும் இருந்திருந்தால் அவையின்ரை வீட்டுக்காரர் இண்டைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பினம். எங்கடை சனம் பதினைந்து வருஷத்துக்கு மேலாய் காணாமல் போன பிள்ளைகளின்ரை படத்தைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் இருக்குது. அந்த 94-ல் எத்தனை பேருக்குப் பேர் இருக்குது எண்டு ஆராவது எனக்குச் சொல்லுங்கோ.