அமெரிக்க அனிமே டிஸ்க்: ப்ளூ-ரே ஓடவே மாட்டேங்குது, டிவிடியில் சீப்புப் பல் மாதிரி கோடு. உதவி தேவை

கோவைக்காரன் எழுதியது:

வணக்கம் மக்களே. அத்தை பையன் நியூஜெர்சி வேலையை விட்டுட்டு ஊரோட வந்துட்டான். வரும்போது அங்கே சேர்த்து வெச்சிருந்த அனிமே டிஸ்க் எல்லாத்தையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு என் தலையில் கட்டிட்டான். எனக்கென்ன, கரும்பு தின்னக் கூலியா! ஆனா ஒண்ணும் ஒழுங்கா ஓடலைங்க.

ப்ளூ-ரே பெட்டிகள் சிலது இருக்கு. பின்னட்டையில் சின்னதா 'ஏ'ன்னு ஒரு முத்திரை. இங்கே கடையில் வாங்கின என் பிளேயரில் போட்டா "இந்த டிஸ்க் உங்கள் பகுதிக்கு இல்லை"ன்னு வருது. தம்பியோட பிஎஸ்4 கேம் பெட்டியிலயும் அதே கதைதான்.

டிவிடியில் கௌபாய் பீபாப், இவாஞ்செலியன் பிளாட்டினம், இன்னும் சில. லேப்டாப்பில் யுஎஸ்பி டிரைவ் மாட்டிப் போட்டேன். ரீஜியனை 1-க்கு மாத்தவான்னு கேட்டுச்சு, மாத்தினேன். "இன்னும் 4 முறை மாற்றலாம்"னு ஒரு மிரட்டல் வேற. விஎல்சி பிளேயர் மென்பொருளில் படம் வருது. ஆனா ஆள் ஓடினாலோ கேமரா நகர்ந்தாலோ ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடா பிரியுது. பீபாப்பில் ஒரு டிஸ்க், மொத்தம் நாலு எபிசோடு, ரெண்டாவது முடியப் போற நேரத்தில் உறைஞ்சு நிக்குது. தாண்டி விட்டா நாலாவது எபிசோடு நல்லாவே ஓடுது.

டிஸ்க் போச்சா, டிரைவ் போச்சா, புதுசா எதாவது வாங்கணுமா? பட்ஜெட் பத்தாயிரத்தைத் தாண்டக் கூடாதுங்க.

---

பழையதட்டு எழுதியது:

முதலில் ப்ளூ-ரே. உலகத்தை மூணாப் பிரிச்சு வெச்சிருக்காங்க. அமெரிக்கா, ஜப்பான், கொரியா, தென்கிழக்கு ஆசியா எல்லாம் 'ஏ'. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா 'பி'. நாமும் சீனாவும் ரஷ்யாவும் 'சி'. உங்க பிளேயரில் கோளாறு எதுவும் இல்லை, அதுக்குச் சொல்லிக் கொடுத்ததை அது செய்யுது. ப்ளூ-ரே ரீஜியன் பூட்டை ரிமோட்டில் நம்பர் அடிச்சுத் திறக்கிற மாடல் ரொம்பக் குறைவு. ஏதோ வீடியோவில் பார்த்துட்டு ஃபர்ம்வேரில், அதாவது பிளேயருக்குள்ளே இருக்கிற மென்பொருளில், கை வைக்காதீங்க.

டிவிடி கணக்கு தனி. அமெரிக்கா 1, ஜப்பானும் ஐரோப்பாவும் 2, சிங்கப்பூர் பக்கம் 3, இந்தியாவும் இலங்கையும் 5. கவனிச்சீங்களா, டிவிடியில் ஜப்பானும் அமெரிக்காவும் வேற வேற வீடு. ப்ளூ-ரேயில் ஒரே வீடு. அனிமே சேகரிக்கிறவங்களுக்கு இதில்தான் சுவாரஸ்யம். ஜப்பானில் ரெண்டே எபிசோடு இருக்கிற டிஸ்கை ஆறாயிரம், ஏழாயிரம் யென்னுக்கு விப்பாங்க. அமெரிக்காவில் பாதித் தொடரே அந்த விலைக்குக் கிடைக்கும். ரீஜியன் ஒண்ணாப் போனதும் ஜப்பான்காரனே அமெரிக்க டிஸ்கை வரவழைச்சுடுவானேன்னு அங்கே உள்ள நிறுவனங்களுக்குப் பயம். அதனால்தான் சில அமெரிக்க ப்ளூ-ரேயில் ஜப்பானிய ஒலியைத் தேர்ந்தெடுத்தா ஆங்கில சப்டைட்டிலை அணைக்கவே முடியாது. உங்க பெட்டியில் அப்படி ஒண்ணு மாட்டினா டிவி ரிமோட்டைப் போட்டு உடைக்காதீங்க.

அந்த "4 முறை" மிரட்டல் நிஜம்தான். அந்த எண்ணிக்கை டிரைவுக்குள்ளேயே பதிவாகும், விண்டோஸை அழிச்சுப் போட்டாலும் திரும்ப வராது. மொத்தம் அஞ்சு தடவை, அதுக்கப்புறம் கடைசியா வெச்ச ரீஜியனிலேயே நிரந்தரமா நின்னுடும். அந்த டிரைவை அமெரிக்க டிஸ்குக்குன்னே ஒதுக்கிடுங்க. நம்ம ஊர் டிஸ்குக்கு ஆயிரத்துச் சொச்சத்தில் இன்னொரு டிரைவ் வாங்கிக்கலாம்.

---

எதுக்குப்பா எழுதியது:

இன்னும் டிஸ்க்கா? எல்லாம் ஆப்பில் இருக்கே. தமிழ் டப்பிங்கே வருது இப்ப. பெட்டியைப் பரண்ல போட்டுட்டு வேலையைப் பாருங்க சார்.

---

பழையதட்டு எழுதியது:

@எதுக்குப்பா, தமிழ் டப்பிங் வர்றது எனக்கும் சந்தோஷம்தான். ஆனா இவாஞ்செலியன் 2019-ல் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தப்போ எபிசோடு முடிவில் வர்ற 'ஃப்ளை மீ டு த மூன்' பாட்டு ஜப்பானுக்கு வெளியே பெரும்பாலான நாடுகளில் இல்லை. ஆங்கில டப்பிங்கும் புதுக் குரல்கள், மொழிபெயர்ப்பும் புதுசு. பழைய பாட்டும் பழைய குரலும் இவர் வீட்டு அட்டைப்பெட்டிக்குள்ளே இருக்கு. பரண்ல போடச் சொல்றீங்க!

---

ஃபிரேம்_எண்ணி எழுதியது:

கோடு பிரச்சினைக்கு வர்றேன். டிஸ்க் கெட்டுப் போகலை, விஎல்சி தப்பா விரிக்குது, அவ்வளவுதான்.

பீபாப் காலத்து அனிமே வினாடிக்கு 24 ஃபிரேம் ஃபிலிமில் எடுத்தது. அமெரிக்க, ஜப்பானிய டிவி முறையான என்டிஎஸ்சிக்கு வினாடிக்கு 60 அரைப்படம் வேணும், ஒண்ணு ஒற்றைப்படை வரிகள், அடுத்தது இரட்டைப்படை வரிகள். 24-ஐ 60 ஆக்க ஒரு ஃபிரேமுக்கு மூணு அரைப்படம், அடுத்ததுக்கு ரெண்டுன்னு மாத்தி மாத்தி நீட்டுவாங்க. இந்த ஓட்டத்தில் அஞ்சு வீடியோ ஃபிரேமில் மூணு சுத்தமா இருக்கும், ரெண்டில் மட்டும் பக்கத்துப் பக்கத்துப் படம் ரெண்டும் கலந்திருக்கும். அந்த ரெண்டுதான் உங்க கண்ணில் உறுத்துது.

நம்பிக்கை இல்லைன்னா சோதிச்சுப் பாருங்க. வேகமா நகர்ற காட்சியில் நிறுத்திட்டு, ஆங்கில 'ஈ' எழுத்தைத் தட்டினா ஒவ்வொரு ஃபிரேமா நகரும். சுத்தம், சுத்தம், சுத்தம், கோடு, கோடு, திரும்பவும் சுத்தம்னு வந்தா நான் சொன்னதுதான். வீடியோ மெனுவில் டீஇன்டர்லேஸை ஆன் பண்ணுங்க, அதுக்குக் கீழே மோடில் 'ஃபிலிம் என்டிஎஸ்சி' எடுங்க. பெயருக்குப் பக்கத்தில் ஐவிடிசின்னு போட்டிருக்கும். கலந்ததைப் பிரிச்சுப் பழைய 24-ஐ மீட்டுத் தரும். 'பிளெண்ட்' எடுக்காதீங்க, கோடு போயிடும், ஆனா ரெண்டு படத்தையும் குழைச்சு மங்கலாக்கிடும்.

ஒரு எச்சரிக்கை. சில தொடர்களில் எழுத்து நகர்ந்து போற இடத்தில், முக்கியமா முடிவுப் பாட்டில், பெயர்ப் பட்டியலை மட்டும் வீடியோவில் தனியா மேலே ஒட்டியிருப்பாங்க. அது 24-க்குள்ள அடங்காது. கதை சுத்தமா வந்து பெயர்ப் பட்டியல் மட்டும் நடுங்கினா விட்டுடுங்க, அதுக்கு மருந்து இல்லை.

---

லண்டன்_பெடியன் எழுதியது:

ஃபிரேம்_எண்ணி அண்ணை சொல்லுறது சரி. நீங்கள் அதிர்ஷ்டசாலியள் எண்டுதான் சொல்லுவன். எங்கட இஞ்சத்தைப் பழைய டிஸ்குகள் 'பால்' (PAL) எண்ட டிவி முறை, வினாடிக்கு 25 ஃபிரேம். 24-ஐ அப்பிடியே 25-ல ஓட விட்டிருப்பினம். நாலு வீதம் வேகம் கூடும், 24 நிமிச எபிசோடு ஒரு நிமிசம் முந்தியே முடிஞ்சிடும், பாட்டெல்லாம் சுருதி ஏறிக் கேக்கும். அதைக் கூடப் பொறுக்கலாம். என்டிஎஸ்சி மூலப் பிரதியை வாங்கி நேரா 'பால்' முறைக்கு மாத்தின டிஸ்குகள் இருக்கு, அதில ஒவ்வொரு அசைவுக்குப் பின்னாலயும் ஆவி மாதிரி இன்னொரு உருவம் வரும். ஃபிரேமுக்குள்ளயே கலந்து போட்டினம், எந்த மோடும் அதைப் பிரிக்காது.

---

கோவைக்காரன் எழுதியது:

ஃபிரேம்_எண்ணி அண்ணா, கும்பிடறேன். மூணு சுத்தம் ரெண்டு கோடு, அப்படியே வந்துச்சு! மோடை மாத்தினதும் பீபாப் ஹீரோ ஸ்பைக் சண்டை போடுறது கண்ணாடி மாதிரி இருக்கு. அந்த உறையற டிஸ்க் மட்டும் பாக்கி.

அப்புறம் இன்னொண்ணு. ஜப்பானிய ஒலி வெச்சா சப்டைட்டில் கடைப் பலகைக்கும் கடிதத்துக்கும் மட்டும்தான் வருது, வசனத்துக்கு வரலை. ஏன்?

---

பழையதட்டு எழுதியது:

சப்டைட்டில் டிராக்கில் ரெண்டு இருக்கும். ஒண்ணு ஆங்கில டப்பிங்கில் பார்க்கிறவங்களுக்கு, பலகையும் பாட்டும் மட்டும். இன்னொண்ணு முழுசு. விஎல்சி முதல் டிராக்கைப் பிடிச்சிருக்கும், மெனுவில் அடுத்ததை எடுங்க.

உறையற டிஸ்க்: கம்ப்யூட்டரில் அது எத்தனை ஜிபி காட்டுதுன்னு பாருங்க. 4.7-க்கு மேலே இருந்தா இரட்டை அடுக்கு. டிவிடி உள்ளே நடுவிலிருந்து வெளி ஓரத்துக்குப் படிக்கும். முதல் அடுக்கு ஓரத்தில் முடிஞ்சதும் லேசர் அங்கேயே ரெண்டாவது அடுக்குக்குக் குவியத்தை மாத்திக்கிட்டு, பெரும்பாலான டிஸ்கில் ஓரத்திலிருந்து உள்நோக்கித் திரும்பி வரும். நாலு எபிசோடு டிஸ்கில் ரெண்டாவதோட கடைசியும் மூணாவதோட ஆரம்பமும் எங்கே இருக்கும்? வெளி ஓரத்தில். நாம விரல் வைக்கிற இடமும் அதே ஓரம்தான். நாலாவது எபிசோடு உள்பக்கம் இருக்கு, அதான் ஒழுங்கா ஓடுது.

கைகழுவற திரவ சோப்பு ஒரு சொட்டு, தண்ணி, மெல்லிய துணி. நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடைங்க, வட்டமா வேண்டாம். வட்டமா விழுற கீறல் படிக்கிற தடத்தோடயே நீளமா போகும், பிழைதிருத்தத்தால் ஈடுகட்ட முடியாது. காய்ஞ்சதும் டியூப்லைட்டுக்கு நேரே பிடிச்சுப் பாருங்க. ஊசிக்குத்து மாதிரி ஒளிப்புள்ளியோ, ஓரத்திலிருந்து உள்ளே பரவற காப்பிக் கறையோ தெரிஞ்சா உள்ளே இருக்கிற உலோகப் பூச்சு கெடுதுன்னு அர்த்தம். டிவிடி ரெண்டு மெல்லிய பிளாஸ்டிக்கைப் பசையால் ஒட்டினது, பசை விட்ட இடத்தில் காத்து புகுந்துடும். அப்படி இருந்தா டிஸ்கை மறந்துட வேண்டியதுதான்.

பெட்டியிலிருந்து எடுக்கும்போது நடு முளையை அமுக்கி எடுங்க. ஓரத்தைப் பிடிச்சு வளைச்சு இழுத்தா ஓட்டையைச் சுத்தி விரிசல் விடும்.

---

சிங்கை_மணி எழுதியது:

யாரும் சொல்லாத வழி ஒன்று. அமெரிக்க பிளேயர் வரவழைத்தால் அது பெரும்பாலும் 120 வோல்ட், இந்தியாவில் அப்படியே செருகினால் புகைதான். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி, அது முனகுவதையும் கேட்டுக்கொண்டு படம் பார்க்க வேண்டும். ஜப்பான் இன்னும் மோசம், 100 வோல்ட்.

ஆனால் சிங்கப்பூரும் மலேசியாவும் ப்ளூ-ரேக்கு 'ஏ', மின்சாரம் 230 வோல்ட், உங்களைப் போலவே. இங்கே விற்கும் சாதாரண பிளேயரில் உங்கள் அமெரிக்க ப்ளூ-ரே ஓடும். டிவிடிக்கு இது ரீஜியன் 3, அதனால் பீபாப்புக்கு உங்கள் லேப்டாப்தான். மாடலைப் பொறுத்து டிவிடி பூட்டு மட்டும் ரிமோட்டில் திறக்கும், அது கிடைத்தால் கூடுதல் லாபம். பழைய சாமான் கடையில் மலிவாகவே கிடைக்கும், லேசர் ஒழுங்காக இருக்கிறதா என்று அங்கேயே ஒரு டிஸ்க் போட்டுப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

4கே டிஸ்குக்கு ரீஜியனே கிடையாது. அகிரா படத்தை 4கேயில் வாங்கினால் எந்த ஊர் 4கே பிளேயரிலும் ஓடும். கூடவே பெட்டியில் வரும் சாதாரண ப்ளூ-ரேக்குப் பூட்டு இருக்கலாம்.

---

மட்டுறுத்துநர்:

பூட்டை உடைத்து நகலெடுக்கும் மென்பொருள் பற்றிய இரண்டு பதில்கள் நீக்கப்பட்டன. 2012-ல் திருத்திய பதிப்புரிமைச் சட்டத்தில், உரிமையை மீறும் நோக்கத்தோடு இப்படிப் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்கும் 65ஏ பிரிவு என்று ஒன்று இருக்கிறது. இங்கே அந்த விவாதம் வேண்டாம்.

---

கோவைக்காரன் எழுதியது:

ஓரத்தில் கட்டைவிரல் ரேகை அச்சு அசலா இருந்துச்சு. கழுவினேன், ரெண்டாவது எபிசோடு தடங்கல் இல்லாம மூணாவதுக்குத் தாண்டிடுச்சு. அத்தை பையனுக்கு போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன், பதிலைக் காணோம்.

ஒரே ஒரு சந்தேகம். பெட்டியில் ஒரு தொடர், 26 எபிசோடும் மூணே டிஸ்கில். ரீஜியன் 'எல்லாம்'னு போட்டிருக்கு, எந்த பிளேயரிலும் ஓடுது. ஆனா முகமெல்லாம் கட்டம் கட்டமா தெரியுது, சப்டைட்டிலில் ஜப்பான்காரங்களுக்கெல்லாம் சீனப் பேரு!

---

கேஎல்_அக்கா எழுதியது:

தம்பி, அது திருட்டு டிஸ்க். சென்னை பர்மா பஜார் பார்த்தவங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். சீன சப்டைட்டிலை வெச்சு ஆங்கிலத்துக்கு மாத்துவாங்க, ஜப்பானியப் பேரை எழுதற கான்ஜி எழுத்தை (அது சீனாவிலிருந்து வந்த எழுத்து) சீன உச்சரிப்பில் படிச்சுடுவாங்க, அதான். அட்டையில் ஜப்பானியத் தயாரிப்புக் குழுவோட உரிமை வரி இருக்கான்னு பாருங்க, இருக்காது.

ஆனா டிஸ்க் எண்ணிக்கையை மட்டும் வெச்சு முடிவு பண்ணக் கூடாது. எங்க மலேசியாவில் முறையா உரிமை வாங்கினவங்களும் முழுத் தொடரை ரெண்டு மூணு டிஸ்கில் அடைச்சு விப்பாங்க, சீன சப்டைட்டிலும் இருக்கும். அசலில் அரசாங்க ஹோலோகிராம் லேபிள் ஒட்டியிருக்கும். உங்களுதில் அது இல்லைன்னா ஆன்லைனில் விலை போட்டு விக்கப் பார்க்காதீங்க, புகார் வந்துடும்.

---

கோவைக்காரன் எழுதியது:

லேபிள் இல்லைங்க அக்கா. ஓரமா வெச்சுட்டேன்.

சிங்கை_மணி அண்ணா, சித்தப்பா பொங்கலுக்கு சிங்கப்பூரிலிருந்து வர்றார், பிளேயர் ஒண்ணு கொண்டு வரச் சொல்லியாச்சு. பிளக் இங்கே சேருமா?

---

சிங்கை_மணி எழுதியது:

சேராது, இங்கே மூன்று தட்டைக் கால். சாதாரண மாற்று பிளக் போதும், ஊரிலேயே எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும். எச்டிஎம்ஐ கேபிளும் ரிமோட்டும் பெட்டியில் இருக்கிறதா என்று சித்தப்பாவைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். பழைய சாமானில் ரிமோட்தான் முதலில் காணாமல் போகும், அது இல்லாமல் சில பிளேயரில் மெனுவுக்குள்ளேயே போக முடியாது.