பிள்ளைகளின் சேதி வீட்டுக்குப் போக ஒரு வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் அரசு தொடக்கப்பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருக்கிறேன். ஒரு உதவி வேண்டும்.

என் மகன் மூன்றாம் வகுப்பு. 2023-இல் காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கும் வந்ததிலிருந்து நான் நிம்மதியாக வேலைக்குக் கிளம்பிவிடுவேன். போன புதன்கிழமை தற்செயலாக அந்தப் பக்கம் போனேன். தட்டில் பொங்கல் அப்படியே ஆறிக் கிடந்தது. அவன் விரலால் அதில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். கூடவே உட்காரும் நண்பன் வேறு ஊருக்குப் போனதிலிருந்து பத்து நாளாக இப்படித்தான் என்றார் டீச்சர். எனக்கு ஒன்றுமே தெரியாது. டீச்சரைக் குறை சொல்ல மாட்டேன், ஐந்து வகுப்புக்கு இரண்டே பேர்.

பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று மாதம் ஒரு முறையாவது வீடுகளுக்குத் தெரிய வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் விடுமுறை அறிவிப்பு மட்டும்தான் வருகிறது. அப்புறம், பாதிப் பிள்ளைகள் பாட்டி வீட்டில் வளர்கிறார்கள். அப்பா அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில். பல பாட்டிகளுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் குரல் பதிவாக அனுப்பலாமா என்று யோசிக்கிறேன்.

உங்கள் பள்ளிகளில் யாராவது இப்படிச் செய்கிறீர்களா? முக்கியமாக, ஒரு பிள்ளையின் மனக்கஷ்டத்தை ஊருக்கே தெரியாமல் அந்த வீட்டுக்கு மட்டும் எப்படிச் சேர்க்கிறீர்கள்? குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இரண்டையும் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். ஆனால் நண்பன் போன ஏக்கத்துக்கு எந்தப் பிள்ளை போன் போடும்?

கூட்டம் வருகிற வெள்ளிக்கிழமை. அதற்குள் சொன்னால் அங்கேயே பேசிவிடுவேன்.