காப்புறுதி அட்டை காட்டாமல் வாங்கும் மருந்தின் விலைக்குச் சொல் தேவை

கிளிநொச்சி, மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். அமெரிக்காவில் பிள்ளைகளோடு இருக்கும் முதியவர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அங்கே பார்மசியில் காப்புறுதி அட்டையைக் காட்டினாலும் நோயாளர் ஒரு தொகை கொடுக்க வேண்டும். சில மலிவான மருந்துகளை அட்டை இல்லாமல் வாங்கினால் அதைவிடக் குறைவு. முன்பு சில ஒப்பந்தங்கள் மருந்தாளர் இதைச் சொல்லவிடாமல் தடுத்தன. 2018இல் வந்த சட்டம் அந்தத் தடையை நீக்கியது. எனவே கேட்டுப் பார்க்கலாம். அட்டை காட்டிக் கொடுக்கும் தொகைக்கு "இணைக்கொடுப்பனவு", அட்டை இல்லாமல் வாங்கும் விலைக்கு "காப்புறுதிசாராக் கொடுப்பனவு" சரியா?

முல்லைத்தீவு, தமிழாசிரியர்:
தங்கச்சி, கொடுப்பனவு சுற்றறிக்கைச் சொல். குறள் 950 மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பார்ப்பவர் என நாற்கூறாக்குகிறது. கூறு என்றால் பங்கு. எங்கள் கடற்கரையில் மீனை இன்றும் கூறு போட்டுத்தான் விற்கிறார்கள். "மருந்துக்கூறு" என்று வையுங்கள்.

வவுனியா, மருந்தாளர்:
மாஸ்டர், மருந்துக்கூறு என்றால் மருந்தில் கலந்திருக்கும் பொருள் என்றே படிப்பார்கள். "நோயாளர் பங்கு" போதும். மற்றதற்குச் சொல் இங்கேயே இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். கையிருப்பு இல்லாவிட்டால் துண்டு எழுதித் தருவார்கள். வெளியே வாங்குகிறவர் "கைக்காசுக்கு வாங்கினேன்" என்பார். "கைக்காசு விலை".

முல்லைத்தீவு, தமிழாசிரியர்:
காசு அருமையான பழஞ்சொல். குறுந்தொகை 67இல் கிளியின் அலகில் இருக்கும் வேப்பம்பழம், பொன் அணியில் கோக்கும் காசு போலத் தெரிகிறது. நாணயம் என்ற பொருள் பிறகு ஊன்றியது என்பதே என் எண்ணம். ஆனால் இன்றைய பொருளில் "கைக்காசு விலை" என்பதில் காசும் விலையும் இரட்டிக்கின்றன.

மாங்குளம், கணக்காளர்:
ஐயா, வேப்பம்பழத்தை வெள்ளிக்குப் பிறகு பார்ப்போம். காப்புறுதி பணம் தரத் தொடங்குமுன் ஆண்டுதோறும் நோயாளரே கட்டவேண்டிய தொகை ஒன்று உண்டு. அதைக் "கழிவுத்தொகை" என்று போட்டுவிடாதீர்கள். கடையில் தரும் விலைக்கழிவு என்றே நம்மாட்கள் எடுப்பார்கள். "முற்பொறுப்பு" சொல்லலாம். அட்டையில்லாமல் கொடுத்த காசு பெரும்பாலும் இந்தக் கணக்கில் சேராது. விலைகூடிய மருந்தைத் தொடர்ந்து எடுப்பவர் இதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். இதற்குப் பெரிய எழுத்தில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

கிளிநொச்சி, மொழிபெயர்ப்பாளர்:
நன்றி. மருந்தாளர் சொன்னபடி "நோயாளர் பங்கு", "கைக்காசு விலை" என்று போடுகிறேன். முற்பொறுப்பு தனியே விளங்காது, விளக்கமும் சேர்க்கிறேன்.

முல்லைத்தீவு, தமிழாசிரியர்:
அட்டையைக் காட்டிக் கொடுக்கும் பங்கும் அவர் கைக்காசுதானே, தங்கச்சி? இரண்டையும் எப்படிப் பிரித்தறிவார்? "அட்டையில்லா விலை" என்றாவது மாற்றுங்கள்.