நம்ம வீட்டுக் குழு: மாடி அறைக்கு மைனிங் மெஷின்

சனிக்கிழமை

கார்த்தி, இரவு 8:12
எல்லோரிடமும் ஒரு யோசனை கேட்கணும். ராணிப்பேட்டையில் ஒருவர் பழைய ஆன்ட்மைனர் எஸ்19 மெஷினை 45,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். பிட்காயின் மைனிங் செய்கிற மெஷின், அதாவது நிற்காமல் கணக்குப் புதிர் போட்டு, பரிசாக பிட்காயின் என்கிற டிஜிட்டல் காசைச் சம்பாதிக்கிறது. வேகம் 95 டெராஹாஷ், நொடிக்கு 95 லட்சம் கோடி முயற்சி. மாடி அறை சும்மாதானே கிடக்கிறது, அங்கே வைக்கலாம் என்று பார்க்கிறேன். காலையில் 5,000 அட்வான்ஸ் கேட்கிறார்.

வசந்தா பெரியம்மா, 8:14
என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே கண்ணு.

கார்த்தி, 8:15
வீட்டுக் கடன் தவணைக்கு மாதம் ஏதாவது வந்தால் உனக்குப் பாரம் குறையும் என்றுதான் அம்மா.

காட்பாடி சித்தப்பா, 8:19
வேகம் இருக்கட்டும். எத்தனை வாட்?

கார்த்தி, 8:19
3,250 வாட் சித்தப்பா. ராத்திரி பகல் ஓடணும், நிறுத்தினால் வருமானம் இல்லை.

காட்பாடி சித்தப்பா, 8:27
அப்போ ஒரு நாளைக்கு 78 யூனிட். இரண்டு மாத பில்லுக்கு 4,680 யூனிட். உங்கள் வீட்டில் இப்போது 450 வருமா? 500-ஐத் தாண்டினாலே கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் விலை கூடிவிடும். 1,000-க்கு மேல் போகிற ஒவ்வொரு யூனிட்டும் 11 ரூபாய்க்கு மேல். சும்மா 11 என்றே வைத்துக்கொள், ஒரு நாள் கரண்ட் 858 ரூபாய். இரண்டு மாதத்துக்கு 51,000-ஐத் தாண்டும். மெஷின் விலையை விட ஒரு பில் அதிகம்.

கார்த்தி, 8:29
வருமானமும் வருமே சித்தப்பா.

பிரியா அக்கா, 8:41
இப்போதுதான் ஆபீஸிலிருந்து வந்தேன். கார்த்தி, வருமானத்தை நான் போட்டுக் காட்டுகிறேன். பிட்காயின் கணக்கேட்டில் சுமார் 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக், அதாவது ஒரு பக்கம், சேரும். அதன் புதிரை முதலில் முடிப்பவருக்குப் பரிசு 3.125 காயின். 2024 ஏப்ரலில் பாதியாகக் குறைந்த பிறகு இதுதான் கணக்கு. ஆக ஒரு நாளைக்கு உலகம் முழுவதற்கும் சேர்த்தே 450 காயின். அதற்குப் போட்டி போடும் மெஷின்களின் மொத்த வேகம் 2025-இல் 1 ஜெட்டாஹாஷைத் தொட்டது. அதாவது 100 கோடி டெராஹாஷ். அதில் உன் பங்கு 95.

பிரியா அக்கா, 8:44
ஒரு காயின் 1 கோடி ரூபாய் விற்றாலும் உனக்கு ஒரு நாளைக்கு 430 ரூபாய்கூட வராது. கரண்டுக்கு 858. காயின் விலை 2 கோடியானால்தான் கரண்ட் காசே கைக்கு வரும். அந்த மனிதர் ஏன் விற்கிறார் என்று இப்போது புரிகிறதா?

கார்த்தி, 8:46
புது மாடல் எஸ்21 வாங்கினால்?

பிரியா அக்கா, 8:52
மெஷினை வேகத்தை வைத்து எடை போடாதே தம்பி. ஒரு டெராஹாஷுக்கு எத்தனை வாட் தின்கிறது என்று பார். பழைய எஸ்9 கிட்டத்தட்ட 98. நீ சொல்கிற எஸ்19 சுமார் 34. எஸ்21 17.5. நல்ல மெஷின்தான், 200 டெராஹாஷ் கொடுக்கும். ஆனால் 3,500 வாட். நம் ஊர் வீட்டுக் கரண்ட் விலையில், 1 கோடிக்குக் காயின் விற்றால்கூட அது தின்பதும் தருவதும் ஏறக்குறைய ஒன்றுதான். மெஷின் போட்ட காசு திரும்பாது. கரண்ட் மிகவும் மலிவாகக் கிடைக்கிற இடத்தில் ஷெட் போட்டு ஓட்டுகிறவர்களுக்கு ஆனது அது.

கார்த்தி, 8:54
கிராஃபிக்ஸ் கார்டு போட்டு எத்திரியம் என்கிற இன்னொரு காயினை மைனிங் செய்தால்?

பிரியா அக்கா, 8:54
அது 2022 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. எத்திரியத்தில் இப்போது மைனிங்கே கிடையாது.

வசந்தா பெரியம்மா, 8:58
சத்தம் வருமா பிரியா? பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

பிரியா அக்கா, 9:00
75 டெசிபல் பெரியம்மா. மிக்சி ராத்திரி முழுக்க நிற்காமல் ஓடுவது போல இருக்கும். சூடும் அப்படித்தான். ஒரு டன் ஏசி அறையிலிருந்து எவ்வளவு சூட்டை வெளியே தள்ளுமோ, கிட்டத்தட்ட அவ்வளவு சூட்டை இது அறைக்குள் கக்கும்.

வசந்தா பெரியம்மா, 9:02
சித்திரையில் அந்த மாடித் தரை ராத்திரி பத்து மணிக்கும் காலைச் சுடும். அதில் இது வேறா. சாமி!

காட்பாடி சித்தப்பா, 9:09
எனக்கு அதை விடப் பயம் ஒயர்தான். போன மே மாதம் மதியம் உங்கள் வீட்டில் மீட்டர் வைத்துப் பார்த்தேன், 195 வோல்ட்தான் இருந்தது. இந்த மெஷின் 200-க்குக் கீழே போனாலே தகராறு செய்யும். அப்படியே ஓடினாலும் 195 வோல்ட்டில் 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மாடியில் கீசர் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். சாக்கெட் துளையைச் சுற்றி பழுப்பு நிறம் ஏறி, பிளாஸ்டிக் இளகியிருக்கும். கீசர் பத்து நிமிடம்தான் ஓடுகிறது, அதற்கே அந்தக் கதி. 24 மணி நேரம் இதை அதில் போட்டால், நீங்கள் தூங்கும்போது எரியும் கண்ணு. 31 வருடம் லைனில் நின்றவன் சொல்கிறேன்.

கார்த்தி, 9:13
இப்போதே கழற்றிப் பார்த்தேன் சித்தப்பா. நீங்கள் சொன்னபடியேதான் இருக்கிறது. ஒரு பின் கறுத்தே போயிருக்கிறது.

காட்பாடி சித்தப்பா, 9:13
இனிமேல் அதில் கீசரும் போடாதே.

ஆற்காடு மாமா, 9:20
கல்யாணப் பந்தியில் இருந்தேன், இப்போதுதான் பார்க்கிறேன். வரியையும் சேர்த்துக்கொள் மாப்பிள்ளை. 2022 ஏப்ரலிலிருந்து காயின் விற்ற லாபத்துக்கு 30 சதவீதம், மேலே செஸ் என்கிற கூடுதல் வரி. மைனிங்குக்கு ஆகிற செலவை வாங்கிய விலையாகக் கழிக்க முடியாது என்று அரசு நாடாளுமன்றத்திலேயே சொல்லிவிட்டது. கரண்டில் கைக்காசு போயிருந்தாலும் வந்த காயினுக்கு வரி கட்டணும்.

கார்த்தி, 9:24
சரி, எஸ்19 வேண்டாம். ஆனால் இது எப்படி வேலை செய்கிறது என்று கற்றுக்கொள்ள ஆசையாக இருக்கிறது அக்கா. நிஜமாகவே.

பிரியா அக்கா, 9:33
அதற்கு வழி இருக்கிறது. அவலான் நானோ 3எஸ் என்று ஒன்று, 6 டெராஹாஷ், 140 வாட். ஆனால் அதுவும் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் கூட்டும், உங்கள் பில் 500-ஐத் தாண்டிவிடும். என்னிடம் இருப்பது பிட்ஆக்ஸ் காமா. உள்ளங்கை அகலம்தான். ஒரே ஒரு சிப், அதுவும் எஸ்21 புரோவில் இருக்கிற அதே ரகம். 1.2 டெராஹாஷ், 18 வாட். இரண்டு மாதத்துக்கு 26 யூனிட். வைஃபையில் சேர்த்துவிட்டால் சிப்பின் சூடு, வேகம், ஃபேன் எல்லாம் போனிலேயே தெரியும். அதன் டிசைன் முழுக்க எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது, பிரித்துப் படிக்கலாம். பூலில், அதாவது பலர் சேர்ந்து மைனிங் செய்து பங்கு பிரிக்கிற குழுவில் போட்டால், காயின் அதே 1 கோடி விற்றால் ஒரு நாளைக்கு 5 ரூபாய் சேரும். தனியாக பிளாக் பிடிக்கணும் என்றால் கணக்குப்படி 16,000 வருடத்துக்கு ஒரு தடவை. கடன் தவணையை இதில் எதிர்பார்க்காதே.

கார்த்தி, 9:35
எதிர்பார்க்கவில்லை அக்கா. எனக்கு அது போதும்.

பிரியா அக்கா, 9:36
வெள்ளிக்கிழமை ரயிலில் காட்பாடி வருகிறேன், கையோடு எடுத்து வருகிறேன். ஆறு மாதம் வைத்துக்கொள்.

வசந்தா பெரியம்மா, 9:38
அதற்குச் சத்தம்?

பிரியா அக்கா, 9:38
சின்ன ஃபேன்தான் பெரியம்மா. ஹாலில் வைத்தால்கூடத் தூக்கம் கெடாது.

கார்த்தி, 9:47
ராணிப்பேட்டைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 40,000-க்குத் தருகிறேன் என்றார். அப்போதும் வேண்டாம் என்றேன்.

காட்பாடி சித்தப்பா, 9:50
நல்லது. அந்த 5,000-இல் மாடி லைனுக்குத் தேவையான அளவு 4 ஸ்கொயர் ஒயரும், நல்ல 16 ஆம்பியர் சாக்கெட்டும் வாங்கி வை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வருகிறேன், வெயில் ஏறுவதற்குள் மாடி லைனை மாற்றிவிடலாம். மெயினை நான் வந்து இறக்கிக்கொள்கிறேன், நீ தொடாதே.