வடசென்னையில் பாட்டு நம் கைக்கு வந்த கதை: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

புளியந்தோப்பிலிருந்து:

எங்கள் பகுதியில் சாவு வீடு என்றால் இரவு கானா உண்டு. பந்தலில் டோலக்குடன் உட்கார்ந்துவிடுவார்கள். போனவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் என்றால் துறைமுகம் பாட்டுக்குள் வரும். பேத்தியின் பேர் வரும். கேட்டு அவள் உடைந்து அழுவாள். இறந்துபோனவருக்கென்றே பாடுகிற பாட்டு அது.

பெரியப்பா இறந்த அன்று மாமா ஒரு டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்து பாடகர் பக்கத்தில் வைத்தார். சி-90 கேசட், பக்கத்துக்கு 45 நிமிடம். பக்கம் முடிந்ததும் பொத்தான் டக்கென்று எழும்பும். திருப்பிப் போடுவதற்குள் நாலு வரி போய்விடும். பெரியப்பாவின் கல்யாணத்தைப் பாடிய இடம் அப்படித்தான் பாதியில் அறுந்து நிற்கிறது. காசிமேட்டுக்கும் தண்டையார்பேட்டைக்கும் சொந்தக்காரர்கள் அதைப் படியெடுத்துக் கொண்டுபோனார்கள். படியிலிருந்து படி எடுக்க எடுக்க இரைச்சல் ஏறி, டோலக் தெருக்கோடியில் எங்கோ வாசிப்பதுபோல ஆகிவிட்டது. ஆனாலும் நினைவு நாளில் பெரியம்மா அதைத்தான் போடச் சொல்வார்.

இன்று வியாசர்பாடிப் பையன்கள் மொட்டைமாடியில் பாடி, கைப்பேசியில் பிடித்து, யூடியூபில் போடுகிறார்கள். சினிமாப் பாட்டு இலவசமாகக் கிடைப்பதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. கானா பாடுகிறவர் இனி எவர் வாசலிலும் போய்க் காத்து நிற்க வேண்டியதில்லை. தொழில்நுட்பம் வடசென்னைக்குச் செய்த நன்மை அதுதான். 2018 ஜனவரியில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியதைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, அதுவரை கானா என்றாலே முகம் சுளித்த அலுவலக நண்பர் ஒருவர் என்னிடம் வந்து இன்னும் நாலு பாட்டு கேட்டு வாங்கிக்கொண்டார். அன்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

ஒன்றைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. யாருக்கோ பாடிய பாட்டை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு இரவைக் கழித்துவிடுகிறார்கள். பாடகரைக் கூப்பிடுங்கள், பணம் கொடுத்துப் பாடச் சொல்லுங்கள். போனவரின் பேரைச் சொல்லிப் பாட ஆள் வேண்டும்.

ராயபுரத்திலிருந்து:

எங்களுக்கு ரெக்கார்டிங் கடைதான் உலகம். வேண்டிய பாட்டுகளின் பட்டியலைத் தாளில் எழுதிக் கொடுத்தால் கேசட்டில் பதிந்து தருவார்கள். சி-60 என்றால் பக்கத்துக்கு ஆறேழு பாட்டுதான் பிடிக்கும் என்பதால், எதை விடுவது என்று அண்ணனுக்கும் எனக்கும் சண்டை மூளும். பக்கத்தின் கடைசியில் ஒன்றிரண்டு நிமிடம் மிஞ்சினால் கடைக்காரரே ஏதாவது வாத்திய இசையைப் போட்டு நிரப்பித் தருவார். பிறகு எம்பி3 சிடி வந்தது. 700 எம்பி தட்டில் நூற்றைம்பது பாட்டு. சண்டையும் நின்றது, பட்டியலும் நின்றது.

ஆனால் என் அம்மாவைப் பார்த்த பிறகு பழசுக்காக ஏங்குவதை விட்டுவிட்டேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ரேடியோ போடுவதைத்தான் கேட்பார், இல்லாவிட்டால் எங்கள் கையை எதிர்பார்ப்பார். இப்போது கைப்பேசியில் மைக் படத்தைத் தொட்டுப் பாட்டின் முதல் வரியைச் சொல்கிறார், பாட்டு வருகிறது. தனக்கு இத்தனை பாட்டு பிடிக்கும் என்று அவர் எங்களிடம் சொன்னதே இல்லை.

திருவொற்றியூரிலிருந்து:

புளியந்தோப்பு அண்ணா, அந்த மூலக் கேசட் இருந்தால் உடனே கணினிக்கு மாற்றிவிடுங்கள். முதலில் நாடாவில் வெள்ளைப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். நம் பக்கத்துக் கடல் ஈரத்துக்குச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். அப்படி இருந்தால் சுத்தம் செய்யாமல் ஓட்டவே கூடாது. டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயர் போதும், ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதியலாம். எம்பி3 ஆக்காமல், ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) கோப்பாகவே வையுங்கள், இருக்கிற ஒலியும் குறையாது. அறுந்த நாலு வரி வராதுதான். டோலக் பழையபடி பக்கத்தில் கேட்கும்.