720 ஜிபி காலியாக இருந்தும் சி டிரைவைச் சுருக்க முடியவில்லை, உதவி தேவை

கேள்வி:
வணக்கம். என்னிடம் இருப்பது 1 டிபி ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி இல்லை, சுழலும் டிஸ்க்தான். விண்டோஸ் 10. மொத்தமும் ஒரே சி டிரைவாகக் கிடக்கிறது, அளவு 930 ஜிபி என்று காட்டுகிறது, அதில் 210தான் நிரம்பியிருக்கிறது. சிக்கு 250 விட்டுவிட்டு மீதியை டி என்று பிரித்து, படம், பாட்டு, வேலைக் கோப்புகள் எல்லாவற்றையும் அங்கே தள்ளிவிடலாம் என்று விண்டோஸில் டிரைவுகளைப் பிரிக்கும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஷ்ரிங்க் வால்யூம் (டிரைவைச் சுருக்கும் வசதி) கொடுத்தால், 38 ஜிபிதான் சுருக்க முடியுமாம். இது என்ன கணக்கு? அப்புறம், பிரித்தால் கம்ப்யூட்டர் வேகமாகுமா?

பதில் 1:
முதலில் முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்கில் நகல் எடுங்கள். நடுவில் மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

கணக்கு இதுதான். விண்டோஸ் டிரைவைக் கடைசியிலிருந்துதான் வெட்டிக்கொண்டு வரும். வழியில் நகர்த்த முடியாத கோப்பு ஒன்று உட்கார்ந்திருந்தால் அங்கேயே நின்றுவிடும், அதற்கு முன்னால் எவ்வளவு காலி இருந்தாலும் பயனில்லை. பேஜ் ஃபைல் (ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் கோப்பு), ஹைபர்நேஷன் ஃபைல் (ரேமில் இருப்பதை டிஸ்கில் எழுதிவைத்துவிட்டு அணைக்க உதவும் கோப்பு), ரீஸ்டோர் பாயின்ட்டுகள் (விண்டோஸைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் பதிவுகள்), கோப்புகளின் பட்டியலை வைத்திருக்கும் எம்எஃப்டி, இவற்றில் ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும். எது என்று ஊகிக்க வேண்டாம். ஷ்ரிங்க் கொடுத்துப் பார்த்த பிறகு ஈவென்ட் வியூவரில் (விண்டோஸ் நடந்ததையெல்லாம் பதிந்துவைக்கும் இடம்) விண்டோஸ் லாக்ஸ், அதில் அப்ளிகேஷன் போய் 259 என்ற எண்ணைத் தேடுங்கள். கடைசியாக மறித்த கோப்பின் பெயரே அதில் இருக்கும்.

கேட்டவர்:
பார்த்தேன். சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் என்ற ஃபோல்டருக்குள் நீளமான எண்களும் எழுத்துகளுமாக ஒரு பெயர் இருக்கிறது.

பதில் 1:
அப்படியென்றால் ரீஸ்டோர் பாயின்ட்தான். அவற்றை உண்டாக்கும் சிஸ்டம் புரொடெக்‌ஷனில் சி டிரைவுக்கு ஆஃப் செய்து, பழையவற்றை அழித்துவிடுங்கள் (அவை திரும்ப வராது, இப்போதைய நிலை நன்றாக இருந்தால் மட்டும் செய்யுங்கள்). அதோடு பேஜ் ஃபைலையும் தற்காலிகமாக வேண்டாம் என்று வையுங்கள், அட்மினிஸ்ட்ரேட்டர் கமாண்ட் பிராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி கட்டளை (powercfg /h off) கொடுத்து ஹைபர்நேஷனையும் நிறுத்துங்கள், ரீஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடி ஷ்ரிங்க் பாருங்கள். அப்போதும் மறித்தால் 259ஐத் திரும்பப் பாருங்கள், இந்த முறை வேறு பெயர் வரும். எம்எஃப்டி என்று வந்தால் விண்டோஸின் ஷ்ரிங்க்கால் ஒன்றும் செய்ய முடியாது, யுஎஸ்பியில் ஜிபார்ட்டட் (டிரைவுகளைப் பிரிக்கும் இலவச மென்பொருள்) போட்டு பூட் செய்து சுருக்கலாம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் (சீக்கிரம் தொடங்க உதவும் வசதி) ஆனில் இருந்தால் விண்டோஸ் முழுதாக மூடாது, ஜிபார்ட்டட் அந்த டிரைவைத் தொடவே மறுக்கும், அதனால் அதை முதலில் ஆஃப் செய்யுங்கள்.

இன்னொன்று, 210 நிரம்பிய இடத்துக்கு 250 என்பது இறுக்கம். பெரிய அப்டேட் வந்தால் மூச்சு முட்டும். 300 விடுங்கள்.

பதில் 2:
வேகத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. சுழலும் டிஸ்கில் வெளி விளிம்பில் ஒரு சுற்றுக்குக் கூடுதல் தரவு அடங்கும், எழுதுவதும் அங்கிருந்துதான் தொடங்கும். உள்பக்கம் போகப் போகப் படிக்கும் வேகம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். அதனால் சி முன்னால் சின்னதாக இருந்தால் விண்டோஸ் அந்த வேகமான பகுதிக்குள்ளேயே நிற்கும், அவ்வளவுதான் லாபம். ஆனால் ஒரே டிஸ்கில் சியையும் டியையும் ஒரே நேரத்தில் வேலை வாங்கினால் டிஸ்கைப் படிக்கும் ஹெட் இங்கும் அங்கும் ஓடியே நேரம் போகும். பேஜ் ஃபைலை டிக்கு மாற்றினால் வேகமாகும் என்று சிலர் சொல்வார்கள், அதே டிஸ்க் என்றால் மாற்றாதீர்கள். எஸ்எஸ்டியில் ஓடும் ஹெட்டே கிடையாது, அங்கே பிரிப்பதால் வேகத்தில் ஒன்றும் மாறாது. நிஜமாகவே வேகம் வேண்டுமென்றால் விண்டோஸை எஸ்எஸ்டிக்கு மாற்றிவிட்டு இதைக் கோப்புகளுக்கு வையுங்கள்.

பதில் 3:
நான் சி, டி, ஈ, எஃப் என்று நான்கு வைத்திருக்கிறேன். படத்துக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று. ரொம்ப வசதி.

பதில் 2:
ஃபோல்டர் எதற்கு இருக்கிறது ப்ரோ? ஒன்று நிரம்பி வழியும், பக்கத்தில் 100 ஜிபி சும்மா கிடக்கும். விண்டோஸ் கெட்டுப்போனால் சியை மட்டும் ஃபார்மட் செய்யலாம், டி அப்படியே இருக்கும். பிரிப்பதில் உருப்படியான பயன் இதுதான், அதற்கு இரண்டே போதும். டியில் நகல் வைத்துவிட்டு பேக்கப் எடுத்தாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

கேட்டவர்:
வேலை செய்தது! ரீஸ்டார்ட் ஆனதும் 650க்கு மேல் காட்டுகிறது. எம்பியில் கேட்கிறதே, என்ன போட வேண்டும்?

பதில் 1:
எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதைத்தான் கேட்கிறது, சியில் எவ்வளவு மிஞ்ச வேண்டும் என்பதை அல்ல. 630 ஜிபி குறைக்க 630ஐ 1024ஆல் பெருக்குங்கள், 645120. பிறகு கறுப்புப் பட்டையோடு தெரியும் காலி இடத்தில் வலது கிளிக், நியூ சிம்பிள் வால்யூம் கொடுத்து, ஃபார்மட் வகையாக என்டிஎஃப்எஸ் தேர்ந்தெடுங்கள். டைனமிக் டிஸ்காக மாற்றவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பேஜ் ஃபைலையும் சிஸ்டம் புரொடெக்‌ஷனையும் திரும்ப ஆன் செய்ய மறக்காதீர்கள்.

டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களை வெட்டி ஒட்ட வேண்டாம். பிராபர்ட்டீஸில் லொகேஷன் என்று ஒரு டேப் இருக்கும், அங்கே மாற்றினால் விண்டோஸே கொண்டுபோய் வைக்கும். ஆனால் டியில் முதலில் அதற்கென்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அதைக் காட்டுங்கள், வெறும் டி டிரைவையே காட்டினால் மொத்த டிரைவும் டாக்குமென்ட்ஸ் ஆகிவிடும், திரும்ப மாற்றுவது தலைவலி.

பதில் 4:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு நேர்மாறு, டியை அழித்துவிட்டு சியைப் பெரிதாக்கப் பார்க்கிறேன், எக்ஸ்டெண்ட் வால்யூம் மங்கலாகவே இருக்கிறது.

பதில் 1:
சிக்கும் காலி இடத்துக்கும் நடுவில் ரெக்கவரி பார்ட்டிஷன் (விண்டோஸைச் சரிசெய்ய ஒதுக்கிய சின்னப் பகுதி) இருக்கிறதா என்று பாருங்கள். காலி இடம் சியை ஒட்டி வலப்பக்கம் இருந்தால்தான் எக்ஸ்டெண்ட் வால்யூம் வேலை செய்யும். நடுவில் இருந்தால் ஜிபார்ட்டட்டில் அந்த ரெக்கவரியை வலது ஓரத்துக்குத் தள்ளுங்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட் ஸ்கிரீன்ஷாட் போட்டால் பார்த்துச் சொல்கிறேன்.