இரவில் உலவும் விலங்குகளைப் பிள்ளைகளுக்கு எவ்வாறு அறிமுகப்படுத்தலாம்?

முன்பள்ளி ஆசிரியை, ஹட்டன்:
வணக்கம். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள், ஆந்தை அலறினால் சாவு வரும் என்று வீட்டில் கேட்டு அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நீங்கக் கைவேலையோடு கூடிய செயற்பாடுகள் எவையேனும் கூறுவீர்களா?

ஆசிரியர், நுவரெலியா:
கண்ணிலிருந்து தொடங்குங்கள், டீச்சர். கறுப்புத் தாளில் தேவாங்கின் முகத்தை வரைந்து, கண்களை வட்டமாக வெட்டியெடுத்து, பின்புறம் பிஸ்கட் உறையின் வெள்ளித்தாளை ஒட்டுங்கள். அறையை இருட்டாக்கி டோர்ச் அடித்ததும் கண்கள் மினுங்கும். விழித்திரைக்குப் பின்னுள்ள படலம் ஒளியைத் திருப்பி அனுப்புவதால்தான் தேவாங்குக்கு மங்கிய வெளிச்சத்திலும் பார்வை கிடைக்கிறது என்பதை அந்த வேளையில் சொன்னால் மனத்தில் பதியும். ஹோட்டன் சமவெளித் தேவாங்கின் படங்கள் 2010 இல்தான் உலகுக்கு வெளியிடப்பட்டன. நம் மலைக்கே உரிய உயிர் அது.

ஒரு தாய், பண்டாரவளை:
ஒரு பிள்ளையை வௌவாலாக்கிக் கண்ணைக் கட்டி, அது கைதட்டும்போதெல்லாம் 'பூச்சி'களான மற்றப் பிள்ளைகள் திருப்பித் தட்ட, ஓசை வரும் திசையில் போய்ப் பிடிக்கச் சொல்லலாம். பூச்சியுண்ணும் சிறு வௌவால் எதிரொலியால் இரை தேடுகிறது. பழந்தின்னும் பெரிய வௌவாலோ கண்ணையும் மூக்கையும் நம்புகிறது. இரண்டையும் ஒன்றாக்கிவிட வேண்டாம்.

மரக்கறி விவசாயி, வெலிமடை:
ஆந்தை எலி பிடிப்பதையும் மறவாமல் சொல்லுங்கள், அச்சம் தானாகக் குறையும். ஆனால், தேயிலை மலைகளில் சிறுத்தை நடமாடுவதால், இருட்டில் பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்ல வேண்டாம்.